ஊரே பூட்டிய கடல்: ஃபிஜி பற்றி வாசகர் கேள்வி பதில்

ஃபிஜித் தீவுகளில் கடலோரக் கிராமங்கள் தங்கள் கடலில் ஒரு துண்டைத் தாங்களே மூடிவைத்து மீன்வளத்தை மீட்டுக்கொண்டிருக்கின்றன என்று போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டு, மற்றவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: கடலை மூடிவைத்தால் மீன் பெருகும் என்று எல்லாரும்தான் சொல்கிறார்கள். யாராவது எண்ணிப் பார்த்தார்களா? எண்ணியது யார்?

எண்ணினார்கள். எண்ணியவர்கள் ஊர்க்காரர்களே என்பதுதான் இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

ஃபிஜியின் பெரிய தீவான வித்தி லெவுவில் தைலேவு மாகாணம், அதில் வெராட்டா வட்டாரம், அங்கே உதுனிவனுவா என்று ஒரு கிராமம். ஊருக்கு நேர் எதிரே கடலில் சேற்றுத் திடலும் கடற்புல்லும் பரந்து கிடக்கும். அந்தச் சேற்றில் கைகோசோ என்கிற மட்டி வளரும். வீட்டுக் கறிக்கும் அதுதான், சந்தைக் காசுக்கும் அதுதான். கடல் வற்றும் நேரத்தில் பெண்கள் இறங்கி, கையால் சேற்றைத் துழாவி எடுப்பார்கள். ஒரு காலத்தில் சில மணி நேரத்தில் பல மூட்டை எடுத்தவர்களுக்கு, 1990களின் தொடக்கத்தில் நாள் முழுக்கக் குனிந்து துழாவினாலும் அரை மூட்டைதான் தேறியது.

வட்டாரப் பெரியவர்கள் தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் உதவியைக் கேட்டார்கள். பல்கலைக்கழகத்துக்காரர்கள் வந்த கையோடு வரைபடத்தை விரித்துவிடவில்லை. ஊரில் உட்கார்ந்து பேசுவதற்கே நீண்ட காலம் எடுத்துக்கொண்டார்கள். ஆணும் பெண்ணுமாக இருபது பேர் கொண்ட குழு ஒன்றை ஊரே தேர்ந்தெடுத்தது. 1997-இல் 24 ஹெக்டேர், நம் கணக்கில் ஏறக்குறைய 60 ஏக்கர், மூன்று வருஷத்துக்குத் ‘தம்பு’ என்று சடங்கோடு அறிவித்தார்கள். தம்பு என்றால் அங்கே யாரும் எதையும் எடுக்கக்கூடாது.

அப்புறம் எண்ணிக்கை. 500 மீட்டருக்குக் கோடு போட்டு, பத்துப் பத்து மீட்டருக்கு நின்று, அந்த இடத்தில் எத்தனை மட்டி, ஒவ்வொன்றும் எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து எழுதினார்கள். தம்புவுக்கு உள்ளேயும் இதே வேலை, வெளியே எல்லாரும் மட்டி எடுக்கும் இடத்திலும் இதே வேலை. இப்படி ஒப்பிட்டால்தான் பெருகியதற்கு மூடியது காரணமா, அந்த வருஷம் எல்லா இடத்திலுமே நன்றாக இருந்ததா என்று தெரியும். ஆராய்ச்சிக்காரர் செய்கிற அதே முறையை அவர்களிடம் கற்றுக்கொண்டு கிராமத்தார் செய்தார்கள். 1997-க்கும் 2004-க்கும் இடையில் தம்புவுக்குள் மட்டி 13 மடங்கு பெருகியிருந்தது, பக்கத்தில் திறந்திருந்த பகுதியில் 5 மடங்கு. முன்பெல்லாம் 5 சென்டிமீட்டருக்கு மேல் ஒரு மட்டி கிடைப்பதே அபூர்வமாம், பிறகு 8 சென்டிமீட்டரைத் தாண்டியவை சாதாரணமாகக் கிடைக்க ஆரம்பித்தன. மூன்று வருஷம் என்று மூடியதை, முடிவுத் தேதி இல்லாமல் நீட்டித்துவிட்டார்கள்.

வெளியே ஏன் பெருகியது என்றால், மட்டி நடமாடாவிட்டாலும் அதன் குஞ்சு நடமாடும். பெரிய மட்டி தண்ணீரில் விடுகிற முட்டை ஏராளம், அதில் பிறக்கும் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து போய் வேறிடத்தில் மண்ணில் இறங்கும். அந்த வெளிப் பெருக்கம்தான் ஊரை நம்ப வைத்தது, ஏனென்றால் அதுதான் அவர்கள் எடுத்துச் சாப்பிடக்கூடிய மட்டி.

இதைப் பார்த்து அடுத்தடுத்த ஊர்கள் கேட்டு வந்தன, பிறகு நாடு தழுவிய ஒரு கூட்டமைப்பாகவே அது வளர்ந்தது. 2002-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசும் கிடைத்தது.

கேள்வி: இது நம் மீன்பிடித் தடைக்காலம் மாதிரிதானே?

இல்லை. தடைக்காலம் என்றால் முழுக் கடலிலும் ஏறக்குறைய இரண்டு மாதம் மீன்பிடிப்பை நிறுத்துவது, அதுவும் பெரும்பாலும் இயந்திரப் படகுகளுக்கு. தம்பு என்பது ஒரு குறிப்பிட்ட இடத்தை, எல்லாருக்கும், வருஷக்கணக்கில் மூடுவது.

ஃபிஜிக்காரர்களுக்கு இது புதிதும் இல்லை. குலத்தலைவர் இறந்தால் கடலின் ஒரு பகுதியில் 100 இரவுகளுக்கு மீன் பிடிக்காமல் விட்டு, அது முடிந்ததும் திறந்து ஊர் விருந்து வைப்பது பழைய வழக்கம். அந்த வழக்கத்தின் மேல்தான் புதிய மட்டிக் கணக்கு ஏறி உட்கார்ந்தது. ‘கடல் பாதுகாப்பு மண்டலம்’ என்று யாரோ ஒரு அதிகாரி வந்து பலகை நட்டிருந்தால் இந்த மரியாதை கிடைத்திருக்காது.

தடைக்காலம் மாதிரியான ஒன்றும் அங்கே தனியாக இருக்கிறது. கவகவா, டோனு என்று அவர்கள் சொல்லும் கலவா வகை மீன்கள் முட்டையிடக் கூட்டமாகச் சேரும் காலத்தை ஒட்டி, ஜூன் முதல் செப்டம்பர் வரை பிடிக்கவோ விற்கவோ கூடாது என்று 2018-இல் அரசு விதி கொண்டுவந்தது.

கேள்வி: ஊர்க்கூட்டம் போட்டுக் கடலை மூட முடியுமா? கடல் அரசாங்கத்துடையது இல்லையா? வெளியூர்க்காரன் வந்து பிடித்தால் என்ன செய்வார்கள்?

கடலும் கடலடித் தரையும் அங்கேயும் அரசுடையதுதான். ஆனால் கரையை ஒட்டிய கடலில் மீன்பிடிக்கும் பரம்பரை உரிமை இன்னின்ன குலத்துக்கு இன்னின்ன எல்லை என்று பதிவாகியிருக்கிறது. இந்த எல்லைக்குக் கோலிகோலி என்று பெயர். நாடு முழுக்க 400-க்கும் மேலே இருக்கின்றன. பிரிட்டிஷ் ஆட்சிக்கால 1942-ஆம் வருஷ மீன்வளச் சட்டமே இதை ஒப்புக்கொள்கிறது. அந்தக் கடலில் விற்பனைக்காக மீன் பிடிக்க வேண்டுமானால் அரசு உரிமம் வேண்டும், அதற்கு முன் கோலிகோலி உரிமையாளர்களைக் கேட்டாக வேண்டும். ஆக, ஊருக்குக் கடல் சொந்தமில்லை, ஆனால் ஊரின் பேச்சுக்கு எடை உண்டு.

இந்தப் பாதி உரிமையை முழு உரிமையாக்க ஒரு முயற்சி நடந்தது. கோலிகோலிகளின் உடைமையைப் பூர்வகுடிகளுக்கே மாற்றித்தரும் மசோதா ஒன்றை 2006-இல் அரசு கொண்டுவந்தது. சுற்றுலா விடுதிக்காரர்கள் பயந்தார்கள், ராணுவத் தளபதி பைனிமராமா கடுமையாக எதிர்த்தார். அதே வருஷம் டிசம்பரில் அவர் ஆட்சியைக் கவிழ்த்ததற்குச் சொன்ன காரணங்களில் இந்த மசோதாவும் ஒன்று. கரையோரக் கடல் யாருடையது என்பது அங்கே எவ்வளவு சூடான பேச்சு என்று இதிலிருந்தே தெரியும்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. பெரும்பாலான தம்புகள் அரசிதழில் ஏறாதவை. ஊர்க்கட்டுப்பாடு ஊர்க்காரரைக் கட்டும். தலைவர் சொல், சபை, மானம் எல்லாம் சேர்ந்து கட்டும். வெளியாளை அது கட்டாது. கோலிகோலிக்கு வெளியே இருந்து ராத்திரியில் டார்ச்சோடு வந்து ஈட்டியில் குத்திக்கொண்டு போகிறவர்கள்தான் பெரிய தலைவலி. கிளிமீன்கள் ராத்திரியில் பாறை இடுக்கில் தூங்கும். வெளிச்சம் அடித்தாலும் நகராது. பழக்கப்பட்டவர் கைக்கு அது சுலபம், ஊர் வருஷக்கணக்கில் காத்ததில் ஒரு பெரும்பங்கை ஒரு ராத்திரியில் வாரிவிடலாம்.

இதற்காக ஊர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து, கௌரவ மீன் காவலர்களாக அரசு நியமிக்கிறது. படகை நிறுத்தலாம், உரிமத்தையும் வலையையும் மீனையும் பார்க்கலாம், போலீசுக்குச் சொல்லலாம். சம்பளம் கிடையாது. படகுக்கு எரிபொருள் யார் போடுவது என்பதே பல ஊர்களில் மாதாமாதம் வரும் பிரச்சினை. அரசு உண்மையிலேயே உதவ வேண்டும் என்றால் இங்கேதான் உதவ வேண்டும் என்பது என் கருத்து. எந்த இடத்தை மூடுவது, எப்போது திறப்பது என்பதை ஊரிடமே விட்டுவிட்டு, வெளியாள் நுழைந்தால் வழக்குப் போடுவதற்கும் எரிபொருளுக்கும் மட்டும் அரசு பொறுப்பேற்கட்டும். பல நாடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. மூடும் அதிகாரத்தைத் தலைநகரம் எடுத்துக்கொண்டு, காவல் காக்கும் சுமையை ஊர்த் தலையில் கட்டிவிடுகிறது.

கேள்வி: பெண்கள்தான் கரையோரத்தில் மட்டி, நண்டு எடுக்கிறார்கள் என்கிறீர்கள். ஊருக்குப் பக்கத்துக் கடலை மூடினால் முதல் அடி அவர்களுக்குத்தானே?

ஆமாம். வந்த கேள்விகளிலேயே முக்கியமானது இதுதான்.

காவல் காக்க வசதியான இடம் எது? ஊரிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற இடம். அதாவது கரையை ஒட்டிய இடம். அது யாருடைய இடம்? படகு இல்லாமல், கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு, கடல் வற்றும் இரண்டு மூன்று மணி நேரத்தில் இறங்கி ஏறும் பெண்களுடைய இடம். ஆண்கள் படகெடுத்துத் தூரத்துப் பாறைக்குப் போய்விடலாம். ஊர்க்கூட்டத்தில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள், அவர்களுக்கு அந்தக் கரையோரத் திட்டை விட்டுக்கொடுப்பது பெரிதாகவே தெரியாது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமலே இப்படி நடந்துவிடும், அதனால்தான் வெளியே தெரிவதில்லை.

உதுனிவனுவாவிலும் மூடியது பெண்கள் மட்டி எடுத்த இடம்தான். அங்கே அது ஏன் செல்லுபடியானது என்றால், மூடியது அவர்கள் எடுக்கும் அதே மட்டிக்காக, திட்டம் போட்ட குழுவில் அவர்களும் இருந்தார்கள், பக்கத்திலேயே திறந்த திடலும் விடப்பட்டது. மூன்றில் எது இல்லாவிட்டாலும் கதை வேறாகியிருக்கும். எந்த நாட்டிலானாலும் இப்படி ஒரு திட்டம் வந்தால் நான் முதலில் கேட்கும் கேள்வி, இன்றைக்கு அந்த இடத்தில் கால் வைத்து நிற்பவர் யார், அவரிடம் கேட்டீர்களா என்பதுதான். ஆணும் பெண்ணும் சேர்ந்த கூட்டத்தில் கேட்டால் போதாது. பெண்களைத் தனியாக உட்காரவைத்துக் கேட்க வேண்டும், முடிந்தால் அவர்கள் வேலை செய்கிற திடலிலேயே கேட்க வேண்டும்.

கேள்வி: கரும்புத் தோட்ட வேலைக்குப் போன தமிழர்களின் வம்சாவளியினர் ஃபிஜியில் இருக்கிறார்களே, அவர்களில் மீன்பிடிப்பவர்களுக்கு இதில் இடம் உண்டா?

ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களை 1879 முதல் 1916 வரை ஃபிஜிக்குக் கொண்டுபோனார்கள். 1903-லிருந்து சென்னைத் துறைமுகம் வழியாகவும் கப்பல்கள் போயின, தமிழரும் தெலுங்கரும் அப்படிப் போனவர்கள்தான். அவர்கள் வாரிசுகளில் மீன், நண்டு பிடித்துச் சந்தையில் விற்றுப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கோலிகோலி உரிமை குலவழி வருவது, ஆகவே அவர்களுக்குக் கிடையாது. உரிமம் வாங்கி, உரிமையாளரின் சம்மதம் கேட்டுத்தான் தொழில் செய்ய வேண்டும். அந்தச் சம்மதத்துக்கு நல்லெண்ணத் தொகை என்று பணம் கைமாறுவதும் நடந்திருக்கிறது.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. பரம்பரைக் கடலைக் காக்கும் ஊருக்கு, அதில் யார் வலை வீசுவது என்று சொல்லும் உரிமை இல்லாவிட்டால் தம்பு என்பதே நிற்காது. நான்கு தலைமுறையாக அந்த மண்ணிலேயே பிறந்து, கடலைத் தவிர வேறு வருமானம் இல்லாதவரைக் கூட்டத்துக்கே கூப்பிடாமல் கடலை மூடினால், அவர் அதை யாரோ போட்ட பூட்டு என்றுதான் பார்ப்பார். ‘உள்ளூர்ச் சமூகம்’ என்று அறிக்கைகளில் எழுதும்போது அதில் யார் யார் அடக்கம் என்பதையும் எழுதிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். உரிமையில் பங்கு இல்லாதவருக்கும் பேச்சில் பங்கு கொடுக்கலாம், அதனால் யார் உரிமையும் குறையப்போவதில்லை.

கேள்வி: சில வருஷம் காத்து, பிறகு திறந்து பிடித்துக்கொண்டால் என்ன தப்பு? அதற்குத்தானே சேமிக்கிறோம்?

தப்பில்லை, எதைப் பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

மடகாஸ்கரின் தென்மேற்கில் ஆண்டவாடோகா என்ற ஊரில் வெசோ மீனவர்கள் 2004-இல் கணவாய் இனத்து எட்டுக்கால் ஆக்டோபஸுக்காக ஒரு திட்டைச் சில மாதம் மூடினார்கள். ஆக்டோபஸ் மளமளவென்று வளரும், ஆயுளும் குறைவு. சில மாதத்தில் திறந்தால் எடை கூடிய பாடு கிடைக்கும். அங்கே திறப்பது சரியான கணக்கு. அதே கணக்கை மெதுவாக வளர்ந்து, பல வருஷம் கழித்தே முட்டையிடும் கலவாவுக்குப் போட்டால் முதலுக்கே மோசம். ஃபிஜியில் தேவாலய நிதிக்கோ, கல்யாணத்துக்கோ, ஊர்ப் பள்ளிக்கோ தம்புவைத் திறப்பது சகஜம். இரண்டு நாள் என்று திறந்தது நீண்டுபோய், பல வருஷச் சேமிப்பு கரைந்த ஊர்களும் உண்டு. காரணம் நல்லதாக இருந்தாலும் மீனுக்கு அது தெரியாது.

திறந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தெளிவான பாடம் பிலிப்பைன்ஸின் சுமிலோன் தீவு. சில்லிமான் பல்கலைக்கழகத்தின் ஏஞ்சல் அல்காலா, 1992-இல் மகசேசே விருது பெற்ற கடல் உயிரியலாளர், அவர் முயற்சியில் 1974-இல் தீவைச் சுற்றிய பவளப்பாறையில் கால்வாசியை மூடினார்கள். பத்து வருஷம் நன்றாக நடந்தது. 1984-இல் உள்ளூர் அரசியல் மாறி, காவல் குலைந்து, எல்லாரும் உள்ளே புகுந்தார்கள். இப்போது முழுப் பாறையும் கையில் இருக்கிறது, அதனால் மொத்த மீன்பாடு கூடத்தானே வேண்டும்? இரண்டு வருஷத்துக்குள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. மூடியிருந்த கால்வாசிதான் மீதி முக்காலுக்குப் படியளந்துகொண்டிருந்தது என்று திறந்தபிறகுதான் எல்லாருக்கும் தெரிந்தது.

பக்கத்து அப்போ தீவில் அதே ஆட்கள் வேறு மாதிரி செய்தார்கள். 1982-இல் தொடங்கும்போதே ஊர்க்காரர்களைச் சுமிலோனுக்கு அழைத்துப்போய் மீனைக் காட்டி, பேசிப் பேசி, ஒரு சின்னத் துண்டை மட்டும் மூடவைத்தார்கள். காவலும் ஊரே. அது நிலைத்தது. 1994-இல் அதைத் தேசியப் பாதுகாப்புப் பகுதியாக அரசு எடுத்துக்கொண்டபோது, சுற்றுலாக் கட்டணம் மேலே போய்த் திரும்பி வருவதில் தாமதமானதும் ஊருக்கு மனக்கசப்பு வந்தது.

கேள்வி: சுற்றுலாப் பணம் வந்தால் மீனவர்களுக்கு ஈடுகட்டுமா?

சில இடத்தில் கட்டுகிறது. வனுவா லெவு தீவின் கும்புலாவ் வட்டாரத்தாருக்கு நமேனா என்ற பாறைத்தொடர் இருக்கிறது, முக்குளிக்க வருகிறவர்களிடம் கட்டணம் வாங்கி, அதில் ஊர்ப்பிள்ளைகளின் மேற்படிப்புக்கு உதவித்தொகை கொடுக்கிறார்கள். பெங்கா கால்வாயில் 2004-இல் சில கிராமங்கள் ஒரு பாறையில் மீன்பிடி உரிமையை விட்டுக்கொடுத்து, சுறா பார்க்க வருகிற ஒவ்வொருவரிடமிருந்தும் கட்டணம் பெறுகின்றன.

ஆனால் பவளப்பாறையோ சுறாவோ இல்லாத சேற்றுத்திடலைப் பார்க்க யாரும் விமானம் ஏறி வரமாட்டார்கள். இருக்கும் இடத்திலும் 2016 பிப்ரவரியில் வின்ஸ்டன் சூறாவளி நமேனாவின் பவளத்தை உடைத்துப் போட்டது, 2020-இல் கொரோனாவால் ஃபிஜிக்குப் பயணிகளே வரவில்லை. மட்டி அப்போதும் சேற்றில் இருந்தது. சுற்றுலாப் பணத்தை மேல்வரும்படியாக மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: பலாவு நாடு 80 சதவீதக் கடலை மூடிவிட்டதே, ஃபிஜி ஏன் இப்படித் துண்டு துண்டாக?

பலாவு 2015-இல் சட்டம் போட்டு 2020 ஜனவரி முதல் மூடியது ஆழ்கடல், சூரை பிடிக்க வரும் பெரிய கப்பல்களின் இடம். அது தேவைதான். கிராமத்தார் சோற்றுக்குப் பிடிக்கும் கரையோரக் கடல் வேறு, அதைத் தலைநகரிலிருந்து ஒரே கோடு போட்டு மூட முடியாது. ஃபிஜியும் 2020-க்குள் 30 சதவீதக் கடலைப் பாதுகாப்பதாக 2005-இல் வாக்குக் கொடுத்தது. வருஷம் வந்து போனது, இலக்கு எட்டவில்லை. சதவீதத்தை எட்டும் அவசரத்தில் ஊர்களிடம் பேசாமலே கடலை மூடிவிடாமல் இருந்தார்களே, அந்த அளவில் எனக்கு ஆறுதல்.

கேள்வி: அடுத்த வருஷம் ஃபிஜி போகிறோம். நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் போனால் உணவகத்தில் கவகவா, டோனு கேட்காதீர்கள், யாராவது பரிமாறினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கிராமத்துக்குள் போவதானால் யங்கோனா (கவா பானம் கலக்கும் செடி) வேர்க்கட்டு ஒன்று சந்தையில் வாங்கிக்கொண்டு போய், ஊர்த்தலைவரிடம் கொடுத்து அனுமதி கேட்பது முறை. கடலில் இறங்குவதற்கு முன் தம்பு எங்கே தொடங்குகிறது என்று ஊர்க்காரர் ஒருவரிடம் கேளுங்கள், பல இடத்தில் மிதவையோ பலகையோ இருக்காது. நமேனாவில் முக்குளித்தால் கட்டணம் உங்கள் பில்லில் சேர்ந்திருக்கிறதா என்று படகுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கரையில் கிடக்கும் சிப்பி, சங்கு எதையும் பைக்குள் போட்டுக்கொண்டு வராதீர்கள்.